வேன் காலிதானா?

பிள்ளைகள் எல்லாரும் இறங்கிய பிறகு பள்ளி வேனில் அவர்களுக்குத் துணையாக வரும் வேன் அக்கா கடைசி வரிசை வரை நடக்கிறார். ஒவ்வொரு இருக்கையையும் உள்ளங்கையால் தட்டுகிறார். காலியாக இருப்பதுதான் கண்ணுக்குத் தெரிகிறதே, ஏன் தட்ட வேண்டும் என்று கேட்டால், "கண்ணு ஒரு தடவ ஏமாத்திடுச்சுங்க. கை இன்னும் ஏமாத்தல" என்கிறார். ஓட்டுநர் இதற்குள் இரண்டு முறை ஹாரன் அடித்திருப்பார்.

கண் ஏமாற்றியது போன வருடம். கடைசி வரிசையில் பைகளுக்கு நடுவே தூங்கிப்போன ஒரு சின்னப் பெண்ணை உள்ளே வைத்தே வேனைப் பூட்டிவிட்டார்கள். மறந்துவிட்ட குடையை எடுக்க அக்கா திரும்பி வந்ததால் தப்பியது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து தண்ணீர் கேட்டாள். ஆகிப்போனது அக்காவுக்குத்தான். சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று அவர் கணவர் சொல்கிறார்.

கண்ணை நம்பாதவர், கம்ப்யூட்டரை நம்பிப் பார்க்கலாம் என்று நூலகத்தில் மாலையில் நடக்கும் புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்தார். என் பக்கத்து நாற்காலி அவருடையது. நான் பொழுது போகாமல் சேர்ந்தவன். அவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர். ஒற்றை விரலால் தட்டுவார், ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து திரையைப் பார்ப்பார், சேமித்ததையே மறுபடி சேமிப்பார். பெயர்களை வரிசையாக வைக்கும் லிஸ்டில் முதல் இடத்தின் எண் பூஜ்ஜியம் என்று ஆசிரியை சொன்ன அன்று அவர் முகமே வெளுத்துவிட்டது. "பூஜ்ஜியம்னா யாருமே இல்லன்னுதானே அர்த்தம்? அங்க ஒரு பிள்ள உக்காந்திருக்கே" என்று என்னிடம் முணுமுணுத்தார். பதில் தெரிந்த மாதிரி தலையாட்டிவைத்தேன்.

எப்படியோ ஒரு புரோகிராம் எழுதிவிட்டார். வேனில் ஏறுகிற பிள்ளைகளின் பெயர்கள் ஒரு லிஸ்டில் சேரும். நிறுத்தத்தின் பெயரைத் தட்டினால், லிஸ்டை வரிசையாகப் பார்த்து அங்கே இறங்குகிறவர்களை நீக்கும். ஆசிரியை அதைக் கைபேசியில் ஓடும்படி செய்து கொடுத்தார்.

முதல் நாளே வினை. பேக்கரி நிறுத்தத்தில் இரட்டையர் இருவரும் இறங்கிப் போனார்கள். கடைசி நிறுத்தமும் தாண்டியது. வேன் காலி, லிஸ்டில் மட்டும் இரட்டையரில் இளையவன் மிச்சம் இருந்தான். அக்கா இருக்கைகளைத் தட்டினார், குனிந்து அடியில் பார்த்தார். அவன் இறங்கியதைப் பார்த்தது அவர் கண்தான். அந்தக் கண்ணைத்தான் அவர் நம்புவதில்லையே. அவன் அம்மாவுக்குப் போன் செய்தார். "தம்பி வீட்டுக்கு வந்துட்டானாம்மா?" மறுமுனையில் யாரோ ஓடுகிற சத்தம். பிறகு, "இங்கதான் டிவி பாக்கறான். ஏங்க, இப்படியா கேப்பீங்க? எனக்கு உயிரே போயிடுச்சு."

அன்று மாலை வகுப்புக்கு வந்தவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "இல்லாத பிள்ளைய இருக்குன்னு சொல்லுது. இருக்கற பிள்ளைய இல்லன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

ஆசிரியை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அக்கா, லிஸ்ட்ல ஒருத்தர எடுத்தா பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் ஒரு இடம் முன்னால வந்துடுவாங்க. அண்ணன எடுத்தீங்க. தம்பி அண்ணன் இடத்துக்கு வந்துட்டான். உங்க புரோகிராம் அதுக்குள்ள அடுத்த இடத்தப் பாக்கப் போயிடுச்சு."

அக்கா பையைக் கீழே வைத்தார். "என் வேன்லயும் அதான் நடக்குது. ஒருத்தன் இறங்குனா அடுத்தவன் ஜன்னல் சீட்டுக்குத் தாவிடுவான். அங்க அதட்டுவேன். இங்க யார அதட்டுறது?"

அதட்ட வேண்டியிருக்கவில்லை. லிஸ்டுக்கு ஒரு நகல் எடுத்து, நகலைப் பார்த்துக்கொண்டே அசலிலிருந்து நீக்கினால் போதுமாம். மாற்றியது ஒரே வரி. இரட்டையரை அடுத்தடுத்து வைத்து ஓட்டிப் பார்த்தார். இடம் மாற்றி ஓட்டினார். அவர்களுக்கு இல்லாத ஒரு தங்கையையும் சேர்த்து ஓட்டினார். ஒவ்வொரு முறையும் முடிவில் திரையில் இரண்டு சதுர அடைப்புக்குறிகள், நடுவில் ஒன்றுமில்லை.

"லிஸ்ட் காலிதான்க்கா. இனிமே நம்பலாம்" என்றார் ஆசிரியை.

அக்கா தலையாட்டினார். ஆசிரியை அடுத்த மேசைக்கு நகரும்வரை பொறுத்திருந்தார். பிறகு அந்த இரண்டு குறிகளுக்கும் நடுவே, திரையை உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பார்த்தார்.