வாங்காத வீட்டில் வைத்த விருந்து

1934ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில், நாங்கள் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் காசிம் ராவுத்தர் வந்து சொன்னார். அன்று என் மனைவி ஞானம்மாள் சாப்பிடவில்லை. கொழும்பில் இருக்கும்போதே அவளுக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது. மலைக்காற்று அவள் உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதை நம்பி, நான் ஓய்வு பெற்றதும் உத்தமபாளையம் வந்தோம். முதல் வருஷம் முழுக்க அவள் முழங்காலில் காயம் ஆறவே இல்லை. விழுந்து விழுந்துதான் அடுப்படியையும் கிணற்றடியையும் பழகினாள். வேறு வீடு போனால் மறுபடியும் முதலிலிருந்து விழ வேண்டும். இப்போது அவளுக்கு வயது அறுபதை நெருங்கியிருந்தது.

வீட்டை நாமே வாங்கிவிடுவோம் என்றேன். கையில் பாதி விலை இருந்தது. மீதிக்குக் கடன் வாங்குவது ஒரு பெரிய காரியமாகவே எனக்குத் தோன்றவில்லை. துறைமுக ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்த மனு எந்த மேஜைக்குப் போகும், எங்கே படுத்துத் தூங்கும், எப்படித் தட்டி எழுப்புவது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டேன். ஊரில் நிலம் உள்ளவராக இருக்க வேண்டும் என்றார்கள். ஊரில் எனக்கு இருந்த நிலம் இரண்டு பூந்தொட்டிகளுக்குள் இருந்தது. மதுரையில் ஒரு பாங்குக்குப் போனேன். உமது பென்ஷன் கொழும்பிலிருந்து வருகிறது, நீர் இங்கே இருக்கிறீர் என்றார்கள். கொழும்பில் தெரிந்த வட்டிக்கடைக்கு எழுதினேன். நீர் இந்தியாவில் இருக்கிறீர், எங்கள் பணம் இங்கே இருக்கிறது என்று பதில் வந்தது. பென்ஷனை ஈடாக வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். சட்டம் இடம் தராது என்று அவருக்கு எடுத்துச் சொன்னவனே நான்தான். நகை இருந்தால் உள்ளூரிலேயே கொடுப்பார்கள். நகையெல்லாம் கண் வைத்தியத்தில் கரைந்திருந்தது.

ராவுத்தரைக் குறை சொல்ல மாட்டேன். ஏலக்காய் விலை விழுந்து அவரும் நொடித்திருந்தார். வீட்டைப் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக்க ஒரு வியாபாரி ரொக்கத்தோடு காத்திருந்தார். “தை கடைசி வரைக்கும் தாக்குப் பிடிக்கிறேன் சார். அதுக்கு மேல என்னால ஆகாது” என்றார் ராவுத்தர்.

ஜெபம் செய்தேன். என் ஜெபமும் மனு மாதிரிதான் இருக்கும். முதலில் விவரம், அடுத்து காரணம், கடைசியில் கோரிக்கை. ஞானம்மாள் அப்படி ஜெபிக்க மாட்டாள். “ஆண்டவரே, எனக்கு இந்தக் கதவு தெரியும்” என்பாள். அவ்வளவுதான். மார்கழி போனது. எனக்குத் தூக்கம் போனது.

தை பிறந்ததும் பக்கத்து வீட்டு மொக்கச்சாமி வந்தார். ஐந்து ஏக்கர் நெல் பயிரிடுகிறவர். அவர் மனைவி செல்லாயிதான் ஞானம்மாளுக்குத் துணை.

“என்ன கொழும்பய்யா, வீடு கைவிட்டுப் போகுதாம்ல? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னீகளா?”

“உங்களிடம் சொல்லி என்ன செய்ய, மொக்கச்சாமி?”

“வந்த நாள்லருந்து எங்க வீடுகள்ல காதுகுத்து, கல்யாணம், சடங்கு எல்லாத்துக்கும் நீங்கதான் மொய் எழுதுனீக. சும்மாவா எழுதுனீக? எந்திரிக்கும்போது நீங்களும் மொய் வச்சீகள்ல?”

உண்மைதான். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று என்னை உட்கார வைத்துவிடுவார்கள். ஞானம்மாளின் கட்டாயத்தால் நானும் ஏதோ வைப்பேன். அந்தப் பணம் போனதாகவே நினைத்துக்கொள்வேன்.

“பெறகு உங்க வீட்ல ஒரு விசேசம் வச்சீகளா? வச்சாத்தான நாங்க திருப்பிச் செய்ய முடியும்?”

“எங்களுக்குப் பிள்ளை இல்லையே. என்ன விசேஷம் வைக்க?”

“அதுக்காக எங்களைக் கடனாளியாவே சாகச் சொல்றீகளா? வீட்டுக்குப் பால் காய்ச்சுங்க.”

“வாங்காத வீட்டுக்கா?”

“வாங்கத்தான காய்ச்சச் சொல்றோம்!”

பத்திரம் பதிவாகாத வீட்டுக்குக் குடிபுகும் விருந்து வைக்க எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. ஞானம்மாள் சிரித்தாள். கார்த்திகைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். ஆகட்டும் என்றேன். தை கடைசிக்கு இரண்டு நாள் முன்பாகத் தேதி வைத்தோம். நம் சபைப் போதகர் வந்து ஜெபித்து, மொய்யும் எழுதுவதாக ஒத்துக்கொண்டார். மதுரையில் அழைப்பு அச்சடித்து, எல்லா வீடுகளுக்கும் தபாலில் அனுப்பினேன். அட்டை கெட்டியாக, எழுத்து அழகாக இருந்தது.

விருந்தன்று காலை அண்டா நிறையச் சோறு. பந்திக்கு இலை போட்டாயிற்று. போதகரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். உச்சிவேளை வரை ஒருவரும் வரவில்லை. தெருவில் போனவர்கள் வாசலைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். ஞானம்மாள், “ஆள் சத்தமே கேட்கலையே” என்றாள். நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். மனுப்போல ஜெபிக்க வார்த்தை வரவில்லை. “முடியவில்லை, ஆண்டவரே” என்றேன். அதுதான் என் முழு ஜெபம். அழுதேன்.

அப்போதுதான் வயலிலிருந்து மொக்கச்சாமி வந்தார். காலியாகக் கிடந்த இலைகளைப் பார்த்தார்.

“யாரு யாரை வெத்தலை பாக்கு வச்சு அழைச்சீக?”

“தபாலில் அழைப்பு அனுப்பினேனே.”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். “தபாலா! எதுத்த வீட்டுக்காரனுக்குத் தபாலா! வாசல்ல வந்து கூப்பிடாத வீட்டுக்கு எவன் வருவான்? எனக்கும் ஒரு அட்டை வந்துச்சு. தீர்வை நோட்டீசு கணக்காக் கெடக்கு. தபால்ல அழைச்சா மொய்யும் தபால்லதான் வரும்!”

எல்லா விதிமுறையும் தெரிந்தவனுக்கு இந்த ஒன்று தெரிந்திருக்கவில்லை. இனி நேரம் இல்லை என்றேன். ஞானம்மாள் எழுந்து நின்றாள். “என்னங்க, கையைப் பிடிங்க. போவோம்.” இந்த ஊருக்கு வந்த ஏழு வருஷத்தில் கோயிலுக்கு வண்டியில் போனதைத் தவிர அவள் தெருவில் கால் வைத்ததில்லை. செல்லாயி வெற்றிலைத் தட்டோடு முன்னே போனாள். “அக்கா, இங்கன படி இருக்கு” என்று சொல்லிக்கொண்டே போனாள். ஒவ்வொரு வாசலிலும் ஞானம்மாள் நின்று, “நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க” என்றாள். நம்ம வீடு என்றுதான் சொன்னாள். இரண்டு இடத்தில் தடுக்கி விழப் பார்த்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் தெருவே வந்தது. சோற்றை மறுபடியும் வடித்தோம். நாங்கள் எப்போதோ வைத்ததைத் திருப்பி, அதற்கு மேல் புதிதாகவும் வைத்தார்கள். போதகருக்குக் கை வலித்தது. கடைசியில் காசிம் ராவுத்தர் வந்தார். தம் மகள் நிக்காஹ்வுக்கு நாங்கள் செய்ததைக் கூட்டித் திருப்பி வைத்தார். “என் வீட்டை வாங்க நானே மொய் வைக்கிறேன் சார். இப்படி ஒரு ஏவாரம் எங்க வாப்பா காலத்துலகூட நடக்கல” என்றார். அப்படியும் சிறிது குறைந்தது. “அது அடுத்த பென்ஷன்ல வரட்டும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் பத்திரம் பதிவாயிற்று. வீடு திரும்பியதும் ஞானம்மாள் கதவைத் தடவிப் பார்த்து, “அதே கதவுதான்” என்றாள்.

யாருக்கும் எதுவும் பாக்கி இல்லாதவன் என்று முன்பெல்லாம் நான் பெருமைப்படுவேன். இப்போது இந்தத் தெரு முழுவதற்கும் திருப்பிச் செய்ய வேண்டியவன். காதுகுத்து எங்கே என்று தேடிக்கொண்டு போகிறேன். ஞானம்மாளும் கூட வருகிறாள், விழுகிறாள், எழுகிறாள்.

சபையாரே, நான் சொல்ல வந்தது இதுதான். ஆண்டவரையும் நான் வெகுகாலம் தபாலில்தான் அழைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் அன்றுதான் அவர் வாசலில் போய் நின்றேன். நெருக்கடியில் இருக்கிறவர்கள் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். நேரில் போய் நில்லுங்கள். அவர் வருவார். நம் வீட்டுக்கும் ஒருநாள் சாப்பிட வாருங்கள். இதைச் சொல்லவே ஞானம்மாளையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஒவ்வொருவர் வாசலுக்கும் வருகிறேன்.