விண்வெளிப் பனிக்கட்டியும் வெள்ளகோவில் சம்பந்தமும்

எங்கள் வீட்டில் ஒரு சம்பந்தம் முறிந்துபோனதற்கு நட்சத்திரங்களுக்கு நடுவில் மிதக்கும் பனிக்கட்டிதான் காரணம் என்று சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அனுப்பர்பாளையத்தில் மாடியில் எங்கள் வீடு, கீழே அப்பாவின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் தையல் மிஷின்கள், ஒரு கட்டிங் மேஜை, அவ்வளவுதான். அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். மேலே ஆராய்ச்சி படிக்க வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பெங்களூரில் இடமும் கிடைத்திருந்தது. ஆனால் அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, வெள்ளகோவிலில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தார். "படிச்ச வரைக்கும் போதும் கண்ணு" என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது. அப்புச்சி சொல்லி யாரும் மறுத்ததில்லை, சித்தியும் மறுக்கவில்லை. மறுக்காதவளுக்குச் சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் பட்டுப்பாவாடை வரப்போகிற சந்தோஷத்தில் வேறெதுவும் தோன்றவில்லை.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின வாரம் சித்தி ஒரு தடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் கரிய மேகம் மாதிரி ஒரு படம். இது என்ன என்று நச்சரித்தேன்.

"நட்சத்திரத்துக்கு நடுவுல வெறும் எடம்னு நெனைக்கறயா? தூசு கெடக்குது கண்ணு. நம்ம கம்பெனிப் பஞ்சாட்ட, அதவிடப் பொடுசா. அங்க அப்படியொரு குளுரு. தண்ணி, கரி வாயு, அம்மோனியா எல்லாம் அந்தத் தூசு மேல ஐஸா ஒட்டிக்கும்."

"அப்பறம்?"

"அப்பறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊதா வெளிச்சம் அது மேல படும். ஐஸுக்குள்ள இருக்கறதெல்லாம் ஒடையும். ஒடஞ்ச துண்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து பெருசு பெருசா வேற என்னென்னமோ ஆயிரும். சாராயம், சக்கரையாட்ட ஒண்ணு, இன்னும் உசுருக்கு வேண்டிய சாமானெல்லாம் அப்படி உண்டாயிருக்கும்னு சொல்றாங்க."

எத்தனை நாளாகும் என்று கேட்டேன். லட்சக்கணக்கான வருசம் ஆகும் என்றாள். "பாத்தாச் சும்மா கெடக்கறாப்புலதான் தெரியும். உள்ளுக்குள்ள வேல நடந்துட்டே இருக்கும்."

லட்சக்கணக்கான வருடங்கள் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. தூசுக்கு எங்கள் ஊரில் குறைவே கிடையாது. தலையில், சோற்றில், சாமி படத்தில் என்று எங்கே கை வைத்தாலும் பஞ்சுதான். கட்டிங் மேஜைக்கு அடியிலிருந்து வெள்ளைத் துணியின் பஞ்சை ஒரு பிடி அள்ளி வந்தேன். தண்ணீர் குழாயில் வந்தது. கரி வாயுவுக்குக் கோலி சோடா. அம்மோனியா மட்டும் அகப்படவில்லை, விட்டுவிட்டேன். பெருங்காயம் தீர்ந்துபோனால் ரசம் வைக்காமலா இருக்கிறோம்? எல்லாவற்றையும் ஐஸ் ட்ரேயில் ஊற்றி, அம்மாவின் ட்ரேக்குப் பக்கத்தில் ஃப்ரீசரில் வைத்தேன்.

ஊதா வெளிச்சம் எங்கள் வீட்டிலேயே இருந்தது. துணியின் நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு அப்பா ஒரு லைட் பாக்ஸ் வைத்திருந்தார். முன்பக்கம் திறந்த அலமாரி மாதிரி இருக்கும். உள்ளே விதவிதமான விளக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்சு. ஏதோ ஒரு பெரிய கம்பெனி கழித்துப் போட்டதை வாங்கி வந்து, அதைத் தன் மூத்த பிள்ளையைப் போல் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். அதன் கடைசி சுவிட்சுதான் ஊதா விளக்கு.

அப்பா வெளியே போயிருந்த ஒரு மத்தியானம் ட்ரேயை உள்ளே வைத்து அந்தச் சுவிட்சைப் போட்டேன். ஐஸுக்குள் மெல்லிய இழைகள் நீல நீலமாக ஒளிர்ந்தன. உயிர் வந்துவிட்டது! மாடிக்கு ஓடி, சித்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

அவள் பார்த்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "உசுரில்ல கண்ணு, வெளுப்பு மருந்து. துணி பளிச்சுன்னு வெள்ளையாத் தெரியோணும்னு போடுவாங்க. அது பஞ்சுல ஒட்டியிருக்குது. இந்த வெளிச்சத்துல அது இப்படித்தான் மின்னும்." எனக்கு அழுகை முட்டியது. அவளோ சிரிப்பை நிறுத்திவிட்டு ஐஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "பத்திரமா இருக்கட்டும், யாராச்சும் எடுத்தறப் போறாங்க" என்று அவளே ட்ரேயைக் கொண்டுபோய் ஃப்ரீசரின் கோடியில் தள்ளி வைத்தாள். எனக்கு மனசு ஆறிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில்காரர்கள் வந்தார்கள். அம்மா பஜ்ஜி சுட, சித்தி எலுமிச்சை ஜூஸ் போட்டுக் கண்ணாடி டம்ளர்களில் கொண்டுவந்து கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "எங்கூட்டுக்கு வந்ததுக்கப்பறம் படிப்பெல்லாம் எதுக்குங்க?" என்று சிரித்தார். அப்புச்சியும் சிரித்தார். தேதி குறிக்கிற பேச்சு தொடங்கியபோது, கதவோரம் நின்றிருந்த சித்தி அப்பாவிடம், "மாமா, வந்தவீங்களுக்குக் கம்பெனியக் காட்டலீங்களா? அந்த லைட் பாக்ஸ?" என்றாள். கல்யாணப் பெண் சபையில் வாய் திறந்ததற்கு அம்மா முறைத்தாள். அப்பாவுக்கோ கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி. டம்ளரும் கையுமாக எல்லோரையும் கீழே கூட்டிப்போனார்.

அப்பா ஒரு வெள்ளைப் பனியனைப் பெட்டிக்குள் விரித்து விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். மாப்பிள்ளையின் அம்மா துணியைத் தடவிப் பார்ப்பதற்காகத் தன் டம்ளரைப் பெட்டிக்குள்ளேயே வைத்தார். அப்பா கடைசிச் சுவிட்சைப் போட்டார்.

பனியன் நீலமாக ஒளிர்ந்தது. ஜூஸும் ஒளிர்ந்தது. கரைகிற ஐஸிலிருந்து நீல இழைகள் பிரிந்து டம்ளருக்குள் மெதுவாகச் சுற்றின. எங்கள் பக்கத்தில் பேய் பிசாசைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பையனை மயக்கித் தங்கள் பக்கம் மடக்கிக்கொள்ளப் பெண் வீட்டார் சாப்பாட்டில் மருந்து வைத்துவிடுவார்கள் என்பது அது.

"மருந்து வெச்சுட்டாங்க சாமி!" என்று அலறினார் அந்த அம்மா. மாப்பிள்ளை தன் காலி டம்ளரைப் பார்த்துவிட்டுக் கைக்குட்டையால் நாக்கைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அய்யோ, அது வெறும் பஞ்சுங்க!" என்றார் அப்பா.

"பஞ்சு எங்காச்சும் இப்படி மின்னுமாங்க?"

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். வேதியியல் படித்தவள், இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவள் அடக்கமான கல்யாணப் பெண்ணாகத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் அப்பா முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

பஜ்ஜி அவ்வளவும் மிஞ்சியது. மருந்து வைத்த வீடு என்ற பேச்சு வெள்ளகோவில் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது. கொஞ்ச காலத்துக்கு அந்தப் பக்கமிருந்து எந்த ஜாதகமும் வராது என்று தெரிந்ததும் அப்புச்சி, "சரி, அதுவரைக்கும் வேண்ணாப் படிக்கட்டும்" என்றார்.

சித்தி பெங்களூருக்குப் பெட்டி கட்டிய அன்று, என்னால்தான் உன் கல்யாணம் நின்றுபோனது என்று தேம்பினேன். அவள் என்னை மடியில் இழுத்து, "அழுகாத கண்ணு" என்று கன்னத்தில் முத்தமிட்டாள். முகத்தில் துளிக்கூடக் கோபம் இல்லை. இப்படி ஒரு நல்லவளின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று இன்னும் அதிகமாக அழுதேன்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளகோவில்காரர்களின் கார் கிளம்பிய கையோடு ஃப்ரீசரைத் திறந்து பார்த்திருந்தேன். கோடியில் இருந்த என் ட்ரே காலியாக இருந்தது. அம்மாவின் ட்ரே, முன்னாலேயே, ஒரு கட்டிகூடக் குறையாமல் நிறைந்திருந்தது. பாவம் சித்தி, பெண் பார்க்க வந்த பதற்றத்தில் முன்னால் இருந்தது அவள் கண்ணில் படவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கதவை மூடினேன்.