அருளின் அம்மா இருந்த இடம்

நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தினேஷ் ஒரு வரைபடம் அனுப்பியிருந்தான். இங்கே மலேசியாவில், கூலிம் ஹைடெக் பூங்காவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையில், என் பிரிவில் வேலை செய்யும் பையன். வரும் ஞாயிற்றுக்கிழமை கரங்கான் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டமாம். சேறு உண்டு, ஓடை உண்டு, முடிந்ததும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் உண்டு. பாதை காட்டும் சிவப்புக் கோட்டின் நடுவே ஒரு கேமரா படம் போட்டு, 'பழைய சர்ச் சுவர், போட்டோ எடுக்கலாம்' என்று எழுதியிருந்தது.

உடனே கூப்பிட்டேன். "அங்க கேட் பூட்டியிருக்குமே, எப்படிப் போவீங்க?"

"இல்லண்ணே, எஸ்டேட்லயே பெர்மிஷன் குடுத்துட்டாங்க. நம்ம போற நேரம் அவங்களே தொறந்து விடுவாங்க லா. நீங்களும் வாங்கண்ணே, ஜாலியா இருக்கும்."

வரவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். தினேஷ் மேல் ஒரு தப்பும் இல்லை, அவனுக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தக் கேட்டை அவர்களே திறந்துவிடுவார்களாம்! இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

எங்கள் காலத்து வரைபடம் ஃபோனில் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சேகரும் அருளும் கூலிமில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். ஒரே ஷிஃப்ட், ஒரே சாப்பாட்டு மேசை. வீடு முழுக்கச் சங்கிலி எண்ணெய் வாசம். சேகர் விரலை டீயில் தோய்த்து மேசை மேல் பாதை வரைவான். இங்கே மேடு, இங்கே மரப்பாலம், இங்கே பாலம் இருந்த இடம். பேசி முடிப்பதற்குள் பாதி பாதை காய்ந்துவிடும், மறுபடி தோய்ப்பான். டியூப் யார் கொண்டுவருவது, பாராங் கத்தி யார் எடுப்பது, சார்டின் டின் திறக்கும் கருவியைப் போன தடவை மறந்த முட்டாள் யார் என்று சண்டை நடக்கும். முட்டாள் பெரும்பாலும் நான்தான்.

நான் ஜித்ரா டவுன்காரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம். எனக்கு எஸ்டேட் என்றால் கார் ஜன்னலில் ஓடும் மரங்கள், அவ்வளவுதான். மோட்டார் வாங்கிய அன்று அப்பா சொன்னது: "உதில ஏறினா வீட்டுப் பக்கம் வராதை." ஏறினேன். ஏறியதைவிட விழுந்தது அதிகம்.

சேகரும் நானும் ஆளுக்கு ஓர் இடம் சொல்வோம். அருள் மட்டும் எப்போதும் ஒரே இடத்தைச் சொல்வான். "கரங்கான் பக்கம் போவோம்டா." அங்கே என்னடா இருக்கிறது என்று ஒருநாள் நான் எரிந்து விழுந்தபோதுதான் சொன்னான்.

"எங்கம்மா இருக்காங்க."

அவன் அந்த எஸ்டேட்டில் பிறந்தவன். அம்மா அங்கேயே பால் மரம் வெட்டி, அங்கேயே இறந்து, அங்கிருந்த சர்ச் கோயிலுக்குப் பின்னால் அடக்கமானவர். பிறகு கித்தா என்கிற அந்த ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். லயத்துச் சனங்களை வெளியேற்றினார்கள். கேட்டைப் பூட்டினார்கள். அருள் கேட்டில் போய் நின்றால் காவல்காரர் ஆபீசில் கேட்கச் சொல்வார். ஆபீசில் மானேஜர் இல்லை, நாளைக்கு வா என்பார்கள். அந்த நாளை வரவேயில்லை. மிச்சம் இருந்த வழி, எஸ்டேட்டின் பின்புறத்து ஓடை. கால்நடையாகப் போக முடியாத தூரம், காரும் இறங்காது. அதற்காகத்தான் அவன் மோட்டாரே வாங்கியிருக்கிறான்! நாங்கள் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளை ஒட்டிய சனிக்கிழமை போனோம். நல்ல மழைக் காலம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். மோட்டார்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரை சேர்த்தோம். செம்பனைகளுக்கு நடுவே புல் மூடிய மேடுகள், சாய்ந்த சிலுவைகள். அருள் ஒரு சிலுவையின் முன்னால் மண்டியிட்டுப் புல்லை வெட்டினான். மழைத் தூறலில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. சேகர் தன் ஹெல்மெட்டைக் குடையாகப் பிடித்தான்.

"அம்மா, இவன் ஜித்ராக்காரன். விழுந்து எந்திரிச்சு ஒன்னப் பாக்க வந்திருக்கான்" என்றான் அருள். நான் சிரித்தேன்.

திரும்பும்போது மறித்தார்கள். காவல்காரரோடு ஒரு துணை மானேஜர். நம் தமிழ் ஆள்தான், அயர்ன் கலையாத சட்டை. "இது பிரைவேட் எடம். மோட்டார் ஓட்டி விளையாட வேற எடம் இல்லையா?"

"அம்மா கல்லறைக்கு வந்தோம் சார். நான் பொறந்ததே இங்கதான்."

"பொறந்தா? இப்ப இங்க வேலை செய்றியா? இல்லல்ல? அடுத்த தடவ போலீசக் கூப்புடுவேன்."

சேகர் மோட்டாரைப் போட்டுவிட்டு அந்த ஆளை நோக்கிப் போனான். அருள்தான் இழுத்துப் பிடித்தான். கை முழுக்க மண்ணும் மெழுகுமாக, "சரிங்க சார்" என்றான். அந்த 'சரிங்க சார்' இன்றைக்கும் என் காதில் உறுத்துகிறது.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஓடை வழியாகப் போய்வந்தோம். சேகர் கல்யாணமாகி ஜொகூர் போனான். நானும் முதுகு வலி என்று மோட்டாரை விற்றேன். அருள் தனியாகப் போனான். ஒரு சனிக்கிழமை காலையில் அவனிடமிருந்து அழைப்பு.

"டேய், எங்கம்மாவக் காணோம்டா."

எஸ்டேட் கை மாறியிருந்தது. கல்லறை மேடுகளைத் தள்ளிச் சமப்படுத்திவிட்டார்கள். கோயிலில் ஒரு சுவர் மட்டும் நின்றதாம். இருவரும் அலைந்தோம். புதியவர்கள் பழையவர்களைக் கேட்கச் சொன்னார்கள். பழையவர்கள் ஃபோனை எடுக்கவில்லை. எலும்புகளை எடுத்தார்களா, எடுத்தால் எங்கே வைத்தார்கள், ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. இறந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் பக்கத்து ஊர்களில்தான் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லியனுப்ப ஆள் இல்லையா? மகன் வந்தால் போலீஸ், ஊர்வலமாய் மோட்டார் வந்தால் வரவேற்பா?

நேற்று சாயங்காலம் அருளிடம் சொன்னேன். என்னைப்போல் அவனும் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். "போவட்டும்டா. அந்தப் பையனுங்களுக்கு அங்க யார் இருந்தாங்கன்னு மட்டும் சொல்லிடு" என்றான். அவன் கோபப்படாதது எனக்கு இன்னும் கோபம்.

இப்போதெல்லாம் கல்லறைத் திருநாளுக்கு அவன் டவுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறான். நடுவில் ஒரு பெரிய சிலுவை. எஸ்டேட்டில் கல்லறையைத் தொலைத்தவர்கள் எல்லாரும் அதன் அடியில்தான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். போன வருஷம் நானும் கூடப் போனேன். நெரிசலில் மெழுகுவர்த்திகள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து எரிந்தன. உருகி ஓடிய மெழுகில் எது யாருடையது என்று தெரியவில்லை. அருள் தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு, ஊன்ற ஓர் இடம் தேடிச் சிலுவையைச் சுற்றிச் சுற்றி வந்தான்.