ஜெல்லி மிட்டாயும் நார்மல் குழந்தையும்

இன்று அமெரிக்காவின் ஆலன் நகரில், என் மகள் ஆயிஷாவின் வகுப்புத் தோழன் வீட்டில் பிறந்தநாள் விழா. அவன் அம்மா நீட்டிய ஜெல்லி மிட்டாய் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு, "நோ தேங்க்ஸ், ஆன்ட்டி" என்றாள் ஆயிஷா.

அவர் என்னிடம் திரும்பினார். "ஏங்க, மிட்டாய்லகூடவா ஹலால் பாக்கணும்? அமெரிக்கால வளர்ற குழந்தைய நார்மலா இருக்க விடுங்க."

"எங்க வீட்ல இதுதாங்க நார்மல்."

ஆயிஷா விடவில்லை. "அதுல ஜெலட்டின் இருக்கு" என்று ஆங்கிலத்தில் விளக்க ஆரம்பித்தாள். அதைப் பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்தோ மாட்டு எலும்பிலிருந்தோதான் எடுப்பார்களாம்.

முட்டைகூட நுழையாத வீடு அது. பிறந்தநாள் பையன் வாய் நிறைய ஜெல்லியுடன் அம்மாவைப் பார்த்தான்.

நாங்கள் கிளம்பும்போது அவர் சமையலறை அலமாரியைத் திறந்து, ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்.

என் பெண்ணை நார்மலாக வளர்க்கச் சொல்ல இன்னும் யாராவது இருக்கிறீர்களா? அவளையே உங்கள் வீட்டு அலமாரிக்கு அனுப்பிவைக்கிறேன்.

யார் வீடு முதலில்?