மாப்பிள்ளையிடம் கேட்காத பெயர்

அண்ணனுக்குக் கோவையில் கணபதி பகுதியில் ஒரு சின்னப் பட்டறை. கிரைண்டர் செய்வார். ஆனால் அவர் செய்த எந்தக் கிரைண்டரிலும் அவர் பெயர் இருக்காது. ஒரு பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க். அவர்கள் கொடுக்கிற ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவதோடு சரி. சாவதற்குள் சொந்தப் பெயரில் நாலு கிரைண்டராவது விற்றுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

தொண்ணூறுகளின் கடைசியில் அதற்கு ஒரு வழி தெரிந்தது. அமெரிக்காவுக்குப் போன நம் ஆட்களுக்கு இட்லி மாவு அரைக்கக் கிரைண்டர் வேண்டும்; இங்கிருந்து கொண்டுபோனால் அங்கத்திக் கரண்டுக்கு மோட்டார் ஒத்துவராது. அண்ணன் அந்தக் கரண்டுக்கு ஓடுகிற மாதிரி ஒன்று செய்துவிட்டார். விற்க ஒரு வெப்சைட் வேண்டும், வெப்சைட்டுக்கு ஒரு பெயர் வேண்டும். இரண்டும் தங்கச்சி என் தலையில் விழுந்தன. நான் அப்போது ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தில் இன்டர்நெட்டைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள்.

டாட் காம் பெயர் தேடுவதற்குப் பெண் பார்ப்பதே தேவலாம். நல்லதாக ஒன்று தோன்றும், போய்ப் பார்த்தால் யாரோ கட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணன் முதலில் சொன்னது குலதெய்வத்தின் பெயர். அதோடு கோவையும் சேர வேண்டும், எஞ்சினியரிங் ஒர்க்ஸும் சேர வேண்டும்.

"அதை அடிச்சு முடிக்கறதுக்குள்ள மாவு புளிச்சுப்போகும்ணா," என்றேன்.

சிரித்துவிட்டார். பிறகு அவரே ஒரு சோதனை கண்டுபிடித்தார். லேத் ஓடும்போது பட்டறையின் ஒரு மூலையிலிருந்து பெயரைக் கத்துவார். மறு மூலையில் நிற்கும் நான் முதல் தடவையிலேயே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தப் பெயர் போச்சு. கேட்டால் புரிய வேண்டும், ஒருதரம் சொன்னால் நிற்க வேண்டும், என்ன சாமான் என்று பெயரே சொல்ல வேண்டும். வரிசையாக எல்லாம் விழுந்தன. ஒன்று மட்டும் நின்றது. மாவு அரைக்கிற எவருக்கும் தெரிந்த இரண்டு சின்ன வார்த்தைகள். அதை இங்கே எழுத மாட்டேன். இன்று அது வேறொருவர் சொத்து. பிரவுசிங் சென்டருக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை.

அன்றே வாங்கியிருக்கலாம். ஆனால் ஆடி மாதம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள். வெப்சைட்டை மட்டும் ஆடியில் விதைக்கக்கூடாதாம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு என்று முடிவானது. அதுவரை சும்மா இருந்தோமா? எங்கள் பக்கம் ஒரம்பரைக்கு, அதாவது சொந்தபந்தத்துக்கு, சொல்லாமல் எந்தக் காரியமும் நடக்காது. ஆனைமலையில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து ஆரம்பித்து எல்லா வீட்டிலும் அண்ணன் பெயரைச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவுக்கும் போன் போட்டு அக்கா மகளிடம் சொன்னார். அவள் கல்யாணத்தில் தாய்மாமன் சீரை ஊரே பார்க்கச் செய்தவர் அவர்.

ஆவணியில் குளித்து, விபூதி பூசி, பிரவுசிங் சென்டருக்குப் போனோம். பெயர் போயிருந்தது. வாங்கினது யார் என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்தேன். அக்கா மகளின் வீட்டுக்காரர் பெயர்.

அண்ணன் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு போன் போட்டுக் கேட்டுப்போடலாம்ணா."

"மாப்பிள்ளைகிட்டயா? சீர் கொடுத்த கையை நீட்டி, அதைக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா? உடு அம்மணி."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் எங்கள் குடும்பத்துக்குச் சொன்னதில்லை. அக்காவிடமாவது கேட்கிறேன் என்றதற்கு, அக்காளுக்கும் மருமகனுக்கும் நடுவில் கல்லைப் போடாதே என்று வாயை அடைத்துவிட்டார். குலதெய்வம், கோவை, கிரைண்டர்ஸ் என்று கூட்ஸ் வண்டி மாதிரி நீளமான ஒரு பெயரில் வெப்சைட் திறந்தோம். யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்தின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒரு கட்டம் காட்டும். அதில் பாதி நான்.

தை மாதம் அக்கா மகளும் மாப்பிள்ளையும் லீவில் வந்து அண்ணன் வீட்டில் விருந்துக்கு உட்கார்ந்தார்கள். ரசம் ஊற்றும்போது மாப்பிள்ளை கேட்டார். "ஏனுங்க மாமா, வெப்சைட் எப்படிப் போகுதுங்க?"

"பரவாயில்லைங்க மாப்பிள்ளை. இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க."

அவரும் ஊற்றிக்கொண்டார். ஆளுக்கு நாலு 'ங்க' போட்டுப் பேசினார்கள். பேச வேண்டியதை இருவரும் பேசவில்லை. எனக்கு மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

அவர்கள் திரும்பிப் போய் ரொம்ப நாள் கழித்து அக்கா மகள் போனில் பேசினாள். எரிச்சலில் நானே கேட்டுவிட்டேன்: "ஏன் கண்ணு, எங்க பேரை எதுக்கு எடுத்தீங்க?"

அவள் சொன்னாள். "மாமாவுக்குத்தான் சித்தி எடுத்தாரு. ஆவணி வரைக்கும் உட்டு வெச்சா வேற யாராச்சும் எடுத்துப்போடுவாங்கன்னு. திறப்பு அன்னிக்குச் சொல்லலாம்னு இருந்தாரு. நீங்க வேற பேருல திறந்துபோட்டீங்க, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலை. விருந்துல அவரே பேச்செடுத்தும் மாமா பிடி குடுக்கலை. நம்ம குடுக்கறது அவங்களுக்கு வேண்டாம் போலன்னு, இங்க மளிகைக் கடை வெச்சிருக்கற சிநேகிதருக்குக் குடுத்துட்டாரு."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எங்களுக்கு இலையிலேயே வைத்திருந்தார்கள். எடுத்துச் சாப்பிடத்தான் மரியாதை இடம் கொடுக்கவில்லை. அன்று நான் அழுதேன். அண்ணனிடம் சொன்னபோது அவர் மோட்டாருக்கு வயர் சுற்றிக்கொண்டிருந்தார். "கேட்டிருக்கலாம்" என்று ஒரு தடவையாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அடுத்த தீபாவளி சமயம் பட்டறைக்குப் போனேன். வெப்சைட்டை எப்போதோ மூடியிருந்தோம். கம்பெனியிலிருந்து அவசர ஆர்டர் வந்திருந்தது, எல்லாம் அமெரிக்கக் கரண்டுக்கு. அந்த வேலை தெரிந்தவர் அண்ணன்தான் என்று அவருக்கே கொடுத்திருந்தார்கள். கூடவே ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கட்டு. மேலே இருந்த ஸ்டிக்கரை எடுத்துப் படித்தேன். எங்கள் இரண்டு வார்த்தை, டாட் காம்; அந்த மளிகைக் கடைச் சிநேகிதர் கம்பெனிக்குக் கொடுத்த ஆர்டர்தான்.

அண்ணன் ஒரு கிரைண்டரை வேஸ்ட் துணியால் துடைத்து, ஸ்டிக்கரைக் கோணாமல் வைத்து, கட்டைவிரலால் நீவி ஒட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

"பேரு நல்லாத்தான் இருக்குது அம்மணி," என்றார். அடுத்ததை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.