கொழும்பு விசாவும் என் இரண்டு பிறந்த தேதிகளும்

ஒரு காலத்தில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போவது எங்களுக்குப் பெரிய பயணமே இல்லை. சாயங்காலம் கப்பல் ஏறினால் விடியும்போது கொழும்பு. வெங்காயமும் வத்தலும் போகிற மாதிரி மனிதர்களும் போனார்கள், வந்தார்கள். அம்மை குத்தியிருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்ப்பார்கள். நீ யார், எப்போது பிறந்தாய் என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு வத்தல் மொத்தக்கடையில் கணக்கு எழுதினார். கல்யாணம் முடிந்து மூன்று வருஷம் நானும் அங்கேதான் இருந்தேன். மாமியாரும் எங்களோடுதான். தலைப்பிரசவத்துக்கு என்னைத் தூத்துக்குடியில் அம்மா வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். மகன் பிறந்தான். அவன் தவழத் தொடங்குவதற்குள் சட்டம் வந்துவிட்டது. நமக்குச் சுதந்திரம் கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இனிமேல் கொழும்புக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், அதில் விசா குத்தியிருக்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களுக்கு பெர்மிட் வேண்டும், அந்தப் பெர்மிட்டையும் தவணை முடியும்போதெல்லாம் புதுப்பிக்க வேண்டும் என்றார்கள்.

என் வீட்டுக்காரர் கடிதம் போட்டார். தன் பெர்மிட்டுக்கு எழுதிக் கொடுத்தபோது என்னையும் பிள்ளையையும் சேர்த்தே எழுதியிருந்தாராம். அது இன்னும் மூன்று மாதத்தில் முடிகிறது. அதற்குள் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டால் புதுப்பிக்கும்போது எங்களையும் பதிந்துகொள்வார்கள். வராவிட்டால் பிறகு எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளையின் முகத்தை அவர் அதுவரை பார்த்திருக்கவில்லை.

கஸ்டம்ஸ் ஆபீஸ் பக்கம், கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அண்ணாச்சி, மரப்பெட்டியை மேசையாகப் போட்டு விண்ணப்பம் எழுதிக்கொடுப்பார். நானும் அம்மாவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனோம். நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக்கூட்டி வாசிப்பேன், என் பெயரை நானே எழுதுவேன். கைநாட்டு வைக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

“சரிம்மா, கையெழுத்தே போடு. அதுக்கு என்ன கூடுதல் காசா கேக்கப்போறாவ?” என்று சிரித்தார்.

எனக்கோ எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

“அண்ணாச்சி, விசான்னா என்ன?”

“உங்க ஊருக்குள்ள வரலாமான்னு கேக்கது.”

“வேண்டாம்னு சொல்லிட்டாவன்னா?”

“போகமுடியாது.”

“அப்ப நாம கட்டுன பணம்?”

“அது வராது. அது கேட்டதுக்கு உள்ள கட்டணம்.”

“நல்லா இருக்கே!” என்றாள் அம்மா. “கதவத் தட்டுனதுக்கே காசா?”

விண்ணப்பத்தில் இருந்த கேள்விகள் எனக்குப் புதிதாக இருந்தன. உயரம் என்ன? அண்ணாச்சி என்னைச் சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேல் கரிக்கோடு போட்டு, நாடாவால் அளந்தார். கண்ணின் நிறம் என்ன? என் கண்ணுக்கு ஒரு நிறம் உண்டென்று அதற்கு முன் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. அம்மா என் தாடையைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, “கருப்புன்னு நெனச்சேன், கொஞ்சம் மரநெறமால்லா இருக்கு” என்றாள். அடையாளம் என்ன? வலது முழங்கையில் ஒரு தழும்பு. சின்ன வயதில் அரிவாள்மணை பட்டது. அந்தத் தழும்பு சர்க்கார் தாளில் ஏறியதில் எனக்கு ஒரு பெருமை.

பிறந்த தேதி கேட்டபோது அம்மா மட்டும் வேறு பக்கம் பார்த்தாள். நகராட்சி ரிஜிஸ்தரிலிருந்து நகல் எடுத்து வைக்கச் சொன்னார் அண்ணாச்சி. எடுத்தோம். அதில் இருந்த தேதியை அவர் அப்படியே எழுதினார். தேதியைப் பார்க்காமலே நான் கையெழுத்துப் போட்டேன். போட்டோவில் பிள்ளை நிமிர்ந்து பார்க்கவில்லை, அதனால் இரண்டாம் தடவை எடுத்தோம். பாஸ்போர்ட் வந்தது, விசாவுக்கு விண்ணப்பமும் போனது.

இருபது நாள் கழித்து விசா விண்ணப்பம் திரும்பி வந்தது. கூடவே ஒரு துண்டுத் தாள். அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார்.

“கொழும்புல உன் வீட்டுக்காரர் உனக்கு ஒரு பொறந்த தேதி கொடுத்திருக்காரு. நீ வேற தேதி கொடுத்திருக்க. ரெண்டுக்கும் ரெண்டு வருசம் வித்தியாசம். ரெண்டும் ஒரே பொம்பளதானான்னு கேக்காவ.”

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் அம்மா சொன்னாள். நகராட்சித் தேதிதான் சரி. அன்று ஆயில்யம். ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று நான்கு இடத்திலிருந்து வந்தவர்கள் ஜாதகத்தைப் பார்த்த உடனே எழுந்து போய்விட்டார்களாம். ஐந்தாவதாக இந்த இடம் வந்தபோது, இரண்டு வருஷத்தைக் குறைத்து, ரோகிணி நட்சத்திரத்தில் புது ஜாதகம் எழுதி வாங்கியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் அந்த ஜாதகத்தைப் பார்த்துத்தான் கொழும்பு விண்ணப்பத்தில் தேதி எழுதியிருக்கிறார்.

எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் முதலில் வந்தது. இருபத்திரண்டு வயது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் ஒரே மத்தியானத்தில் இருபத்துநான்கு ஆகிவிட்டேன். கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். அதே முகம்தான் இருந்தது.

“ஏளா, நான் சொல்லுதத கேளு” என்றாள் அம்மா. “முனிசிபாலிட்டியில தப்பா எழுதிட்டாவன்னு ஒரு கடுதாசி போட்ருவோம்.”

“தப்புன்னா நகல் எப்படி செல்லும்? அத வச்சு எழுதுன விண்ணப்பத்துல நான் கையெழுத்து போட்ருக்கேன்.”

“உண்மைய எழுதுனா உன் மாமியா பஞ்சாங்கத்த தூக்கிக்கிட்டு ஜோசியங்கிட்ட போவா. ஆயில்யம்னு தெரிஞ்சா உன்ன வாசல்ல ஏத்துவாளா?”

“எழுதலன்னா கப்பல்ல ஏத்த மாட்டாவளே!”

அம்மா அழுதாள். எனக்காகத்தான் அதைச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் சொல்லாத பொய்க்கு நான் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டுமா என்று இருந்தது. அதுவரை கொழும்புக்குப் போன கடிதங்களை எல்லாம் நான் சொல்லச் சொல்ல அண்ணாச்சிதான் எழுதினார். இதை அவர் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆயிற்று. பிறந்த தேதி, நட்சத்திரம், அம்மா செய்தது, எனக்குத் தெரியாமல் நடந்தது, எல்லாம் எழுதினேன். கடைசியில், ‘உங்களுக்கு விருப்பம் இருந்தால் தேதியை மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் பிள்ளையை நான் வளர்த்துக்கொள்வேன்’ என்று முடித்தேன். நகராட்சி நகலை அதோடு சேர்த்து அனுப்பிவிட்டு, மறுபடியும் கட்டணம் கட்டி, மறுபடியும் விசா விண்ணப்பம் போட்டேன்.

பதில் வரப் பதினெட்டு நாள். சின்னக் கடிதம். தேதியைத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன், விசா வரும், கிளம்பி வா என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி. என்னத்துக்குத் தேதியைத் திருத்துகிறாய் என்று மாமியார் கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வரவில்லை. மாமியார் ஜோசியரிடம் போய் வந்து, இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். மூன்றாம் நாள், “அவ புருசன்கிட்ட அவ வரட்டும். நான் ஊருக்குப் போறேன்” என்றிருக்கிறார். மாமியாரின் பெர்மிட்டும் அந்த மாதமே முடிகிறது. புதுப்பிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். புதுப்பிக்காமல் கிளம்பினால் திரும்பிப் போக முடியாது என்று மகன் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

விசா வந்தது. மாமியார் வருகிற கப்பலே திரும்பிப் போகும்போது நான் ஏற வேண்டியது. எங்கள் ஊரில் கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லாததால் சில மைல் தள்ளி நிற்கும். லாஞ்ச் என்ற இயந்திரப் படகில் போய்த்தான் ஏற வேண்டும். வருகிறவர்களை இறக்கிவிட்டு அதே லாஞ்ச் போகிறவர்களை ஏற்றிக்கொள்ளும்.

கடலுக்குள் நீண்டிருக்கும் படகுத்துறைப் பாலத்தில் நான் பிள்ளையோடு நின்றேன். அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தூரத்திலேயே நின்றுவிட்டாள். மாமியார் தகரப்பெட்டியோடு இறங்கினார். கடல் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினார். கொடுத்தேன். அவன் உச்சந்தலையை முகர்ந்து பார்த்தார்.

“இன்னும் காது குத்தலயா?”

“அவிய பாக்கட்டும்னு இருந்தேன் அத்தை.”

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு, “எங்க, உன் பாஸ்போட்ட காட்டு” என்றார்.

எடுத்துக் காட்டினேன். மாமியாருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், என் போட்டோவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“இதுலயாவது உள்ளத எழுதிருக்கா?”

“ஆமா அத்தை.”

“நச்சத்திரம்?”

“அது கேக்கல.”

“கேக்கலயா?” மாமியாருக்கு நம்ப முடியவில்லை. “உயரம் கேட்டாவளாம், கண்ணு கேட்டாவளாம், தழும்பு கேட்டாவளாம். நச்சத்திரம் கேக்கலயா? இவ்வளவு பணத்த வாங்கிக்கிட்டு என்னத்த விசாரிச்சாவ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். காலில் விழ வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். தப்பு என்னுடையது இல்லையே என்று நான் விழவில்லை. லாஞ்ச்காரன் கூப்பிட்டான். மாமியார் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, “எம் மவனுக்கு ரசத்துல பூண்டு தட்டிப் போடு. சொல்ல மாட்டான், ஆனா அதான் பிடிக்கும்” என்று சொல்லிப் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

கொழும்பில் ஒவ்வொரு தவணையும் பெர்மிட் புதுப்பிக்கும்போது என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாசிப்பேன். உடன் இருப்போர் என்ற இடத்தில் என் பெயரையும் பிள்ளை பெயரையும் எழுதுவார். தாயார் என்ற கட்டத்தில் கோடு போடுவார். கோடு போட்ட பிறகு பேனாவை உடனே எடுக்க மாட்டார். ஏழாவது வருஷம் அவர் பெர்மிட்டையே புதுப்பிக்க மாட்டோம் என்றார்கள். எல்லோரும் ஊருக்குத் திரும்பினோம்.

மாமியார் இருந்த தெருவிலேயே நான்கு வீடு தள்ளிக் குடியிருந்தோம். மாமியாருக்கு அதன்பிறகும் நீண்ட ஆயுள். நடுவில் கடல் இருந்ததால்தான் தப்பித்தேன் என்று எல்லோரிடமும் சொல்வார். நான் இருக்கும்போதும் சொல்வார். நான் மீன்குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் அனுப்புவேன். உப்பு குறைச்சல் என்று குறை சொல்லி அனுப்பினாலும், கிண்ணத்தை வெறுமனே திருப்பியதில்லை. பனங்கற்கண்டோ முறுக்கோ உள்ளே இருக்கும். என் வீட்டு வாசலை மட்டும் கடைசிவரை மிதிக்கவில்லை. நானும் கூப்பிடுவதை நிறுத்தவில்லை.