எல்லைக்கு வெளியே ஒரு வானொலிக் கப்பல்

காரைக்குடியில் கல்யாண மண்டபங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறேன். முன்பு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கப்பலில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். திருட்டு ரேடியோ கப்பல் என்றால் நம்பமாட்டார்கள், நம்பினால் விடமாட்டார்கள்.

லைசென்ஸ் இல்லாமல் பாட்டுப் போடும் நிலையம் அது. ஐரோப்பாவில் ஒரு நாட்டின் கடல் எல்லைக்குச் சற்று வெளியே நங்கூரம் போட்டு நின்றது. எல்லைக்கு வெளியே நிற்கும் வரை அந்த அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டிருக்க வேண்டியதுதான். வேலையில் சேர்ந்த புதிதில் இதை மனைவிக்கு விளக்கினேன்.

"ரேடியோ டேசன் வைக்கத் தரையில எடமில்லாமயா தண்ணிக்குள்ள போயி வச்சிருக்காக?" என்றாள்.

அவள் கேட்டதிலும் நியாயம் உண்டு. உப்புக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். ஏரியல் கம்பத்திலிருந்து பாயும் அலைக்குச் சமையலறை டியூப்லைட் சுவிட்சு போடாமலே மினுங்கும். ஈரக் கைப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று சுடும். ஜெனரேட்டர்கள் என் பொறுப்பு. அவை நின்றால் நிலையம் ஊமை.

மதிய நிகழ்ச்சி நடத்திய அறிவிப்பாளருக்கு என் வயதுதான் இருக்கும். ஆளுக்கு வாய் நீளம். கேப்டனை, சமையல்காரரை, ஏன், கரையில் தனியாக இருந்த தன் அம்மாவையே மைக்கில் கிண்டல் செய்வார். அந்த அம்மாள் ரேடியோவை அணைப்பதே இல்லை. பாட்டுக்காக அல்ல. ரேடியோ பேசினால் கப்பல் மிதக்கிறது, மகன் இருக்கிறான்.

ஒரு மத்தியானம் புயலில் நங்கூரச் சங்கிலி அறுந்து, கப்பல் கரைப்பக்கம் நகர ஆரம்பித்தது. ஒலிபரப்பிக்கொண்டே எல்லைக்குள் போனால் கப்பலைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். கேப்டன் கீழே ஓடிவந்து, "உடனே அணை" என்றார். பின்னாலேயே அந்த அறிவிப்பாளர்.

"சொல்லாமல் அணைத்தால் மூழ்கிவிட்டோம் என்று நினைப்பார். அம்மாவுக்கு இதயம் பலவீனம். ஒரு நிமிடம் பேசிவிடுகிறேன்."

கேப்டன் முடியாது என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒலிபரப்புக் கருவியின் லோடைச் சட்டென்று எடுத்தால் ஜெனரேட்டரே நின்றுவிடும், தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் கரண்ட் இருக்காது என்று அடித்துவிட்டேன். காலமெல்லாம் கப்பலில் கிடந்த மனிதருக்கு அது பொய் என்று தெரியாமலா இருக்கும்? "சீக்கிரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனார்.

அறிவிப்பாளர் மைக்குக்கு ஓடினார். "அம்மா, இங்கே வெயில் அருமை. சின்னப் பழுது, கொஞ்ச நேரம் நிறுத்துகிறோம். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள்." குரலில் நடுக்கமே இல்லை. நான் அணைத்தேன். எல்லைக்கு முன்னால் இரண்டாவது நங்கூரம் ஒருவழியாகப் பிடித்தது.

காற்று அடங்கியதும் சப்ளை படகு வந்தது. குடிதண்ணீர் டிரம்களுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் நடுவில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஏணியில் கைகொடுத்து ஏற்றினோம். மகனைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு சொன்னார்: "பிறந்ததிலிருந்து ஒரு நாளாவது என்னிடம் உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லியிருக்கிறாயா? அதைச் சொன்னதும்தான் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்."

கப்பலே சிரித்தது.

லீவில் ஊருக்கு வந்தபோது மனைவியிடம் இதை ரசித்து ரசித்துச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"கடுதாசியில புயல்னு ஒரு வார்த்தை எழுதலையே நீக."

"ஒன்னையப் போயி எதுக்குப் பயமுறுத்த?"

"அந்தம்மா கொடுத்து வச்சவுக. பயப்படுறதுக்காச்சும் மகன் கொரலு கேட்டுச்சு. இங்குட்டு நான் எதைக் கேட்டு, நீக இருக்கீகன்னு தெரிஞ்சுக்க?"

லீவு முடிந்தும் நான் கப்பலுக்குத் திரும்பவில்லை.